ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர்: தூங்கும்போதும் 410 மைக்ரோஆம்பியர் இழுக்கிறது

கேள்வி:
வெறும் சிப் மட்டும்தான், ஆர்டுயினோ போர்டு இல்லை. சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட், உள் ஆஸிலேட்டர் 8 மெகாஹெர்ட்ஸ். பவர்-டவுன் மோடில் தூங்குகிறது. வாட்ச்டாக் (சிப்பின் உள்ளே தனியாக ஓடும் டைமர்) 8 விநாடிக்கு ஒருமுறை எழுப்பும். எழுந்ததும் பேட்டரி வோல்டேஜை, வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசியில் படிக்கும் (இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர், நடுப்புள்ளி ஏ0-வில்). பிரவுன்-அவுட் (வோல்டேஜ் குறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் காவல்) 1.8 வோல்ட். மின்சேமிப்புக்கான பிஆர்ஆர் ரெஜிஸ்டரில் ஏடிசி கிளாக்கை நிறுத்தியாகிவிட்டது. டேட்டாஷீட்டைப் பார்த்தால் 5 மைக்ரோஆம்பியரை ஒட்டி வர வேண்டும். மீதி எங்கே போகிறது?

பதில் 1:
கிளாக்கை நிறுத்தினால் ஏடிசி அணையாது. முதலில் ஏடிசியின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரான ஏடிசிஎஸ்ஆர்ஏ-வில், ஏடிசியை இயக்கும் ஏடிஇஎன் பிட்டை 0 ஆக்குங்கள், அப்புறம்தான் பிஆர்ஆர். வரிசை மாறினால் ஏடிசி ஓடின நிலையிலேயே உறைந்துவிடும். அதன் ரெஜிஸ்டரில் எழுதினாலும் ஏறாது. எழுந்த பிறகு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், 175-க்கு வந்துவிட்டது. நன்றி. இன்னும் எங்கோ கசிகிறது.

பதில் 2:
அதில் 150 உங்கள் ரெசிஸ்டர்களுடையது. 3 வோல்ட்டை 20 கிலோஓமால் வகுத்துப் பாருங்கள். சிப் தூங்கினாலும் அவை தூங்காது. இரண்டையும் கழற்றிவிடலாம், தேவையே இல்லை. ஏவிசிசி-யை (ஏடிசியின் சப்ளை, இங்கே பேட்டரி வோல்டேஜ்தான்) ரெஃபரன்ஸாக வைத்து, உள்ளே இருக்கும் 1.1 வோல்ட் பேண்ட்கேப்பை (பேட்டரி தளர்ந்தாலும் மாறாத வோல்டேஜ்) ஏடிசியில் படியுங்கள். 2 மில்லிவிநாடி பொறுத்து, முதல் அளவை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். 1125300-ஐ (1.1 × 1023 × 1000) அந்த எண்ணால் வகுத்தால் பேட்டரி மில்லிவோல்ட்டில் கிடைக்கும். 3 வோல்ட்டில் 375 என்று வரும். பேண்ட்கேப் சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும், அதனால் ஒருமுறை மீட்டரோடு ஒப்பிட்டு அந்த 1125300-ஐத் திருத்திக்கொள்ளுங்கள்.

மிச்சம் 25-இல் வாட்ச்டாக்குக்குச் சுமார் 4. மற்றது பிரவுன்-அவுட். அதை ஃபியூஸில் (சிப்பின் நிலையான அமைப்பு பிட்கள்) அடியோடு அணைக்காதீர்கள்: பேட்டரி தளரும் நேரத்தில் ஈஈப்ராம் நினைவகத்தில் உள்ள தரவு கெடலாம். தூங்கும்போது மட்டும் பிஓடிஎஸ் பிட்டால் அணைக்கலாம். ஆனால் அது 3 கிளாக் மட்டுமே நிற்கும், அதற்குள் ஸ்லீப் கட்டளை ஓடியாக வேண்டும். இன்டரப்டை (ஓடும் நிரலை இடைமறிக்கும் சிக்னல்) மூடி, பிஓடிஎஸ் போட்டு, இன்டரப்டைத் திறந்து, உடனே ஸ்லீப். திறந்த கட்டளைக்கு அடுத்த ஒரு கட்டளை ஓடிய பிறகுதான் இன்டரப்ட் நுழையும், ஆகவே இடையில் எதுவும் புகாது.

பதில் 3:
அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் சில மீட்டர்களின் உள் ரெசிஸ்டன்ஸ் 1 கிலோஓம் வரை இருக்கும். சிப் எழுந்து 3 மில்லிஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் முழுக்க மீட்டரிலேயே விழுந்து, சிப் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். மீட்டர் முனைகளுக்குக் குறுக்கே ஒரு சுவிட்ச் வையுங்கள். தூங்கிய பிறகு திறந்து அளவெடுங்கள்.

8 விநாடிக்கு ஒருமுறை பேட்டரியைப் பார்ப்பதும் வீண்செலவு. 5 மில்லிவிநாடி விழித்திருந்தால் சராசரியில் கிட்டத்தட்ட 2 மைக்ரோஆம்பியர் கூடும். 450 எழுப்பலுக்கு ஒருமுறை, அதாவது மணிக்கு ஒருமுறை படித்தால் போதும்.

கேட்டவர்:
ரெசிஸ்டரைக் கழற்றி, பிஓடிஎஸ் வரிசையையும் சரிசெய்தேன். சுவிட்ச் வைத்து அளந்ததில் 4.6.