எல்இடி, க்யூஎல்இடி, ஓஎல்இடி: ஞாயித்துக்கிழமைக்குள்ள தமிழ்ல என்ன எழுதறது?

கொழிஞ்சாம்பாறை, வியாழன் இரவு 9.40

நம்ம குழுல எல்லாருக்கும் வணக்கமுங்க, கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதறேன். ஒரு அவசரம், சனிக்கிழமை ராத்திரிக்குள்ள முடிவு வேணும். எங்க ஊர் வாசகசாலைக்கு (கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம், இங்க வாயனசாலைன்னாத்தான் சட்டுனு புரியும்) 55 இன்ச்சுல டிவி வாங்கறதாப் பேசி, மூணு கொட்டேஷன் வந்திருக்குது. ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. இங்க மினிட்ஸ் புக்கு தமிழ்லதான் எழுதறோம், அதனால மூணையும் ஒரே தாள்ல தமிழ்ல ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லி எங்கிட்டக் குடுத்திருக்காங்க.

வந்திருக்கறது: சாம்சங் க்யூஎல்இடி ஒண்ணு, எல்ஜி ஓஎல்இடி ஒண்ணு, டிசிஎல் மினி எல்இடி ஒண்ணு. வெல, வாரண்டி, 139 செமீ இதெல்லாம் எழுதியாச்சு. இந்த மூணு பேர்லதான் நிக்குது. எல்லாத்துலயும் எல்இடின்னு முடியுது, கமிட்டில எழுபது வயசுக்காரங்க இருக்காங்க, ஒரு எழுத்துத்தான வித்தியாசம், வெல ஏன் இப்படி ஏறுதுன்னு கேப்பாங்க, கேக்கறது ஞாயம்.

எனக்கே இதுல சூடு பட்ட அனுபவம் இருக்குதுங்க. ரெண்டு வருசம் முன்னாடி ஒரு கடைல ஓஎல்இடி கேட்டேன், இதுவும் அதேதான் மேடம், எழுத்து மட்டும் மாறும்னு சொல்லி க்யூஎல்இடிய குடுத்துட்டாங்க. வீட்டுல ராத்திரி லைட்ட அணைச்சுட்டுப் படம் பாத்தா, இருட்டுக் காட்டுல நடக்கற சீன்ல திரை கறுப்பாவே இல்ல, மூலைல எல்லாம் சாம்பலா ஒரு வெளிச்சம். எங்கம்மா பாத்துட்டு, என்ன கண்ணு, இருட்டுல பால ஊத்துன மாதிரி இருக்குதுன்னாங்க. அன்னைக்கு அந்த வித்தியாசத்தச் சொல்ற ஒரு தமிழ் வார்த்தை டப்பா மேல இருந்திருந்தா நான் ஏமாந்திருக்க மாட்டேன்.

தலைப்புக்கு "தட்டைத்திரை டிவி"ன்னு போட்டிருக்கேன். அதுவும் சரியான்னு சொல்லுங்க.

பொள்ளாச்சி, வெள்ளி காலை 5.50

டீச்சருக்கு வணக்கம். முதல்ல தலைப்பு. திரைன்னா திரைதல்ங்கற வினையில இருந்து வந்தது, சுருங்குறது, மடிப்பு விழுறது. பால் திரைஞ்சு போச்சுன்னு இன்னைக்கும் சொல்றோம். நரை திரை மூப்புன்னு சொல்றப்ப திரைங்கறது தோல் சுருக்கம். கடல்ல மடிஞ்சு மடிஞ்சு வர்ற அலையும் திரை, மடிப்பு மடிப்பாத் தொங்குற துணியும் திரை. ஆக தட்டைத்திரைன்னா தட்டையான சுருக்கம்னு ஆகுது, முன்னுக்குப்பின் முரண். தட்டைன்னா எங்க பக்கம் மாட்டுக்குப் போடுற சோளத்தட்டைதான் ஞாபகம் வரும். தகடுங்கற நல்ல சொல் இருக்கு, ஒளித்தகடுன்னு வைக்கலாமே.

அடுத்தது எல்இடி, அதாவது லைட் எமிட்டிங் டயோடு. ஒளியுமிழ் இருமுனையம்னு நாம புழங்குறோம், இலங்கையில ஒளிகாலும் இருவாயின்னு எழுதுறாங்க. காலுதல்னா உமிழ்தல், கக்குதல், பழைய நல்ல வினை. ஓஎல்இடில முதல்ல வர்ற ஓ ஆர்கானிக், அதுக்குக் கரிமம்னு சேத்தா கரிம ஒளியுமிழ் இருமுனையத் தகடு. கொஞ்சம் நீளம்தான், ஆனா எந்த எழுத்துக்கும் பொருள் விடுபடல.

சித்தூர், வெள்ளி காலை 10.15

(ஆந்திரா சித்தூருங்க, டீச்சரோட பாலக்காட்டுச் சித்தூர் இல்ல. போன தடவ ரெண்டையும் குழப்பிட்டு ஒருத்தர் எனக்கு ஓண வாழ்த்து அனுப்பியிருந்தார்.)

அய்யா, திரைய விட்டுடாதீங்க. தெலுங்குல தெர, சினிமாவுக்கு வெண்டிதெர, டிவிக்கு புல்லிதெர. நம்ம வெள்ளித்திரை, சின்னத்திரை மாதிரியேதான். மலையாளத்துல திரன்னா அலைன்னு டீச்சருக்குச் சந்தேகம் வரலாம், ஆனா அங்கயும் வெள்ளித்திரன்னுதான் சொல்றாங்க. மூணு மொழியிலயும் சுருக்கம் போயி படம் தெரியுற பரப்புன்னு பொருள் நின்னாச்சு, இனி வேர்ச்சொல்லக் காட்டி அதப் பிடுங்க முடியாது. நான் மென்பொருளத் தமிழாக்குற வேலைல இருக்கேன், பத்து எழுத்துக்கு மேல போனா பட்டன்ல நிக்காது, கரிம ஒளியுமிழ் இருமுனையத் தகடு ஒரு சுவரே வேணும்.

க்யூஎல்இடில க்யூன்னா குவாண்டம் புள்ளி, ரொம்ப நுண்ணிய துகள், அதுக்கும் ஒரு வார்த்தை பாருங்க. இலங்கைல குவாண்டத்துக்கு சத்திச்சொட்டுன்னு அழகா வச்சிருக்காங்க. அந்தப் புள்ளிகளக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2023ல மூணு பேருக்கு வேதியியல் நோபல் கெடச்சுது.

மார்த்தாண்டம், வெள்ளி மதியம் 1.30

நான் டிவி ரிப்பேர் பாக்குதவன். வேர்ச்சொல் எனக்குத் தெரியாது, உள்ள என்ன இருக்குன்னு சொல்லுதேன், அதுக்கு நீங்க பேரு வையுங்க.

தட்டைங்குத வார்த்தையே இப்ப வேண்டாம். குண்டு டிவி இருந்த காலத்துல அது தேவை. இன்னைக்கு கடையில தட்டை இல்லாத்த டிவி எது? எல்லாத்துக்கும் பொருந்துத பேரால ஒண்ண மத்ததுல இருந்து பிரிக்க முடியாது.

எனக்க கடைக்கு மாசத்துல நாலஞ்சு டிவி வரும், சத்தம் கேக்கு, படம் இல்லன்னு. நான் முதல்ல செய்யுதது என்னன்னா, டிவிய ஆன் பண்ணி, கடை ஷட்டர பாதி இறக்கி, டார்ச்ச திரைக்க மேல சாய்ச்சு அடிப்பேன். அடிச்சா செய்தி வாசிக்குத ஆளுக்க முகம் மங்கலாத் தெரியும். படம் இருக்கு, வெளிச்சந்தான் இல்ல. பின்னால இருக்குத எல்இடி பட்டையில ஒரு பல்பு போயிருக்கும், பட்டைய மாத்தினா சரியாவும். அப்ப எல்இடி டிவின்னு நாம சொல்லுதது என்ன? பழைய எல்சிடிதான். ரெண்டு கண்ணாடிக்க இடையில திரவப் படிகம், அது வெளிச்சத்த விடும் இல்லன்னா மறைக்கும், தானா ஒளி தராது. முன்னால பின்பக்கம் குட்டி ட்யூப்லைட் இருந்துது, இப்ப எல்இடி. அவ்வளவுதான் மாற்றம்.

க்யூஎல்இடியும் அதே வகைதான். பின்னால நீல எல்இடி, நடுவில குவாண்டம் புள்ளி உள்ள ஒரு படலம், நீலத்துல கொஞ்சத்த சிவப்பும் பச்சையுமா மாத்தும், நிறம் நல்லா இருக்கும். சாம்சங் 2017ல இருந்து இந்தப் பேர வச்சு விக்குது. மினி எல்இடின்னா பின்னால உள்ள விளக்கு ரொம்பச் சின்னதா, எண்ணம் கூடுதலா இருக்கும், இருட்டு வேண்டிய இடத்துல மட்டும் கூட்டம் கூட்டமா அணைக்கலாம். ஓஎல்இடிக்கு பின்னால விளக்கே கிடையாது. 4கேன்னா 3840க்கு 2160, எண்பத்திரண்டு லட்சத்துக்கு மேல புள்ளி, ஒவ்வொண்ணும் தானே எரியும், தானே அணையும். அணைஞ்சா முழுக் கறுப்பு. டார்ச் அடிச்சு அதுல படம் பாக்க முடியாது.

டீச்சருக்க மூணு கொட்டேஷன்ல ரெண்டு ஒரு சாதி, ஒண்ணு தனி சாதி. அதத்தான் பேரு சொல்லணும்.

கொழிஞ்சாம்பாறை, வெள்ளி இரவு 8.05

அண்ணா, இத்தனை தெளிவா இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்ல, ரொம்ப நன்றிங்க. வெளிச்சம் எங்கிருந்து வருதுங்கறதுதான் பேருல இருக்கணும். நாளைக்கு எங்க ஸ்கூல் பசங்களுக்கே இந்த டார்ச் கதையச் சொல்லப் போறேன். பின்னொளித்திரை, தன்னொளித்திரை, இப்படி வச்சா? க்யூஎல்இடியும் மினி எல்இடியும் பின்னொளித்திரைல ரெண்டு வகைன்னு எழுதிக்கலாம்.

பொள்ளாச்சி, சனி காலை 5.35

பகுப்பு மிகச் சரி, மார்த்தாண்டத்தாருக்கு என் வணக்கம். தகட்டையும் கரிமத்தையும் விட்டுடுறேன். சொல்லுலதான் ரெண்டு இடத்துல இடிக்குது.

ஒண்ணு, ஒளிங்கறது வெளிச்சம்னு பொருள் தர்ற பெயர்ச்சொல், ஆனா ஏவலா நின்னா மறைஞ்சுக்கோன்னு பொருள். பின்னொளின்னு சிறுபிள்ளைகிட்டச் சொன்னா கதவுக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கும். பின்விளக்குன்னு வைங்க. வள்ளுவர் விளக்கற்றம் பார்க்கும் இருளேபோல்ங்கறார், விளக்கு எப்ப அணையும்னு காத்திருக்குற இருட்டு, டீச்சர் வீட்டுத் திரை மூலைல வராத இருட்டு அதுதான்.

ரெண்டு, தன்னொளித்திரைன்னா தனக்குரிய ஒளியை உடைய திரைன்னு மட்டும் ஆகுது, ஒளிர்ற செயல் சொல்லுல இல்ல. தானொளிர்திரைன்னா ஒளிர்திரை வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி, ஒளிர்ந்த ஒளிர்கின்ற ஒளிரும்னு மூணு காலமும் அடங்கும். வினைத்தொகைல வல்லினம் மிகாது, அதனால ஒரு எழுத்தும் மிச்சம்.

மார்த்தாண்டம், சனி காலை 9.20

அய்யா, பின்விளக்குன்னா எங்க ஊர்ல பைக்குக்க பின்னால எரியுத சிவப்பு விளக்கு. கடையில பின்விளக்கு போச்சுன்னு எழுதினா ஆளு வண்டிய கொண்டுவந்து நிறுத்துவான். பின்னொளியே இருக்கட்டும்.

எனக்க ஒரு வேண்டுகோள். என்ன பேரு வச்சாலும் பக்கத்துல ஓஎல்இடின்னும் எழுதுங்க. டப்பா மேல தன்னொளித்திரைன்னு எந்தக் கம்பெனியும் அடிக்காது. தமிழ்ல மட்டும் எழுதினா சனம் கடையில நின்னு முழிக்கும், டீச்சருக்கு ஆனது அவியளுக்கும் ஆவும்.

இன்னொண்ணு, இது வாசகசாலை. காலையில இருந்து செய்திச் சேனல் ஓடுமா? ஓஎல்இடியில ஒரே இடத்துல லோகோவும் ஓடுத எழுத்தும் மணிக்கணக்கா நின்னா அதுக்க தடம் திரையில பதிஞ்சு போகும். புதுசுல இதக் குறைக்க வழி வச்சிருக்கான், ஆனாலும் பொது இடத்துக்கு நான் ஓஎல்இடி சொல்ல மாட்டேன். வெளிச்சமான ஹாலுன்னா மினி எல்இடி போதும். வாங்கும் முன்ன பக்கத்து பெஞ்சுல இருந்து பாக்குத மாதிரி சாய்ஞ்சு நின்னு பாருங்க, சில பேனல்ல சைடுல நிறம் வெளுக்கும்.

சித்தூர், சனி காலை 11.00

அந்தத் தடத்துக்கு "தழும்பு"ன்னு வைக்கலாமே. அடுப்புல சுட்டது மாதிரி, ஆறுனாலும் போகாது. ஓஎல்இடிக்கு என் ஓட்டு தன்னொளித்திரைக்கு. தானொளிர்திரை இலக்கணப்படி அழகு, ஒத்துக்கறேன், ஆனா வேகமா வாசிக்குறப்ப தானொளி, இர்திரைன்னு உடையுது, எங்க பக்கத்துப் பசங்க தெலுங்கு எழுத்துப் பழகிட்டுத் தமிழ் வாசிக்கறவங்க, அவங்களால கூட்டி வாசிக்க முடியாது.

கொழிஞ்சாம்பாறை, சனி மாலை 6.30

தழும்பு எடுத்துக்கறேங்க. மூலைல தெரியுற அந்தச் சாம்பல் வெளிச்சத்துக்கு ஒளிக்கசிவுன்னு நானே எழுதிட்டேன், மழைக்காலத்துல செவுத்துல ஓதம் கசியறத இங்க எல்லாரும் பாத்திருக்கோம், விளக்கமே வேண்டியதில்ல. சத்திச்சொட்டு ரொம்பப் பிடிச்சுது, ஆனா யாராவது மருந்தான்னு கேட்டுருவாங்களோன்னு பயந்து குவாண்டம் புள்ளின்னே விட்டுட்டேன்.

பின்னொளித்திரை, தன்னொளித்திரை ரெண்டுக்கும் நம்ம நாலு பேர்ல மூணு பேர் சரின்னாச்சு. அய்யா மன்னிக்கணும், தானொளிர்திரைய அடிக்குறிப்புல போட்டிருக்கேன், ஓஎல்இடியும் பக்கத்துல இருக்குது. பிரிண்ட் எடுக்கப் போறேன்.

கொழிஞ்சாம்பாறை, ஞாயிறு இரவு 9.15

மினி எல்இடி வாங்கறதுன்னு முடிவாச்சுங்க. எங்க ஹால்ல மேக்குப் பக்கம் ரெண்டு பெரிய ஜன்னல், செய்திச் சேனல் பகல் பூரா ஓடும், அண்ணன் சொன்ன தழும்பு விசயத்த வாசிச்சதுமே பாதிப் பேரு தலையாட்டிட்டாங்க. 32 இன்ச்சுக்கு மேல ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆனது கொட்டேஷன்ல சரியாக் கழிஞ்சிருக்கான்னு ஒருத்தர் கேட்டார், அதப் பாத்துட்டுத்தான் ஆர்டர்.

தாள வாசிச்சப்ப முன்வரிசைல ஒரு பெரியவர் தன்னொளித்திரைய ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டு, ஓ, தானா எரியறதான்னு கேட்டார். அதுக்கப்பறம் கூட்டம் முடியற வரைக்கும் எல்லாரும் தானா எரியறது, பின்னால லைட்டு இருக்கறதுன்னுதான் பேசுனாங்க. மினிட்ஸ்ல மட்டும் நம்ம வார்த்தைதான் ஏறியிருக்குது.

பொள்ளாச்சி, திங்கள் காலை 5.40

"தானா எரியறது." கவனிச்சீங்களா டீச்சர், பெரியவர் வாயில வினைதான் வந்திருக்கு. தானொளிர்திரைய அடிக்குறிப்புல இருந்து மேல ஏத்த அடுத்த பொதுக்குழு எப்பன்னு எழுதுங்க.