சரக்கு முதலோ, பாட் முதலோ? பிள்ளை பிறக்க முன்னம் வீட்டில வாங்கி வைக்கிற சாமான்

கற்பகத்தரு:
வாற மாதம் பிள்ளைப்பேறு எண்டால், பிள்ளைப்பெத்தவளுக்குக் கறி வைக்கிற சரக்குத்தூளை இப்பவே இடிச்சு வைக்க வேணும். மல்லி 500 கிராம், மிளகு 150, சின்னச்சீரகம் 100, வேர்க்கொம்பு (சுக்கு) 50, மஞ்சள் 50, திப்பிலி 25, ஓமம் 25. செத்தல் மிளகாய் வாசமும் வரக்கூடாது. ஒவ்வொண்டாத் தனித்தனி வறுங்கோ. ஓமத்தையும் சீரகத்தையும் மல்லியோட போட்டால், மல்லி வறுபட முன்னம் அதுகள் கருகிக் கைக்கும். இடிச்ச தூள் நல்லா ஆறின பிறகுதான் கண்ணாடிப் போத்தல். சூட்டோட மூடினால் மூடியில வேர்த்து, தூள் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு நேரக் கறிக்கு 2 தேக்கரண்டி தூள், உள்ளி 10 பல்லு, புளி வேண்டாம். இதை விட்டிட்டு இரத்தப்போக்குக்கு வைக்கிற பாட் எத்தினை, போத்தல் எத்தினை எண்டு கணக்குப் பாக்கிறவை பிள்ளைப்பெத்த உடம்பை எப்பிடித் தேற்றப் போயினம்?

நொச்சியிலை:
அக்கா, சரக்கில எனக்குப் பிணக்கு இல்லை. அது அடுப்பேறுறது ஆஸ்பத்திரியால வீட்ட வந்த பிறகு. அதுக்கு முதல் நாளையில எல்லாரும் அந்தரப்படுறது பாட் முடிஞ்சு போய்த்தான்.

பிள்ளை பெத்த பிறகு முதல் 3, 4 நாள் இரத்தம் கடும் சிவப்பாப் போகும். பேந்து மண்ணிறமாகி, 10 நாளுக்குப் பிறகு வெள்ளை மஞ்சளாகும். முழுசா நிக்க 4 தொடக்கம் 6 கிழமை செல்லும். 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தினால் முதல் 4 நாளுக்கு 24, அடுத்த கிழமை 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டால் 28, மிச்ச நாளுக்கு மெல்லிசு போதும். அப்ப தடிப்பான பெரிய பாட் ஒரு 50 அளவில வேணும், சாதாரண மாதவிடாய்ப் பாட்டால சமாளிக்கேலாது. ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஒரு பாட் முழுசா நனைஞ்சால், இல்லாட்டி முட்டையளவு கட்டி விழுந்தால், உடன ஆஸ்பத்திரிக்கு. வீட்டில பாத்துக்கொண்டிருக்கிற விசயம் இல்லை.

கீழ தையல் இருந்தால் இன்னொரு சாமான்: 500 மில்லி தண்ணிப் போத்தல். மூடியில ஊசியைக் காய்ச்சி நாலைஞ்சு ஓட்டை போடுங்கோ. கொதிச்சு ஆறின தண்ணியை நிரப்பி, சலம் போகேக்க முன்னாலயிருந்து பின்னால ஊத்தினால் எரிவு குறையும். பிறகு ஒத்தி எடுங்கோ, தேய்க்காதேங்கோ. முதல் ஒண்டு ரெண்டு நாள் வீக்கத்துக்கு ஐஸ்கட்டியைத் துணியில சுத்தி 10 நிமிசம் வைக்கலாம். வெறும் ஐஸ் தோலைச் சுடும்.

கற்பகத்தரு:
ஐஸோ? பச்சை உடம்பில குளிரோ? சன்னி பிடிக்க வைக்கிற வழி. தண்ணி கூடக் குடிச்சாலே வயிறு வைக்கும் எண்டுதான் அளந்து குடுக்கிறது.

நொச்சியிலை:
சன்னி எண்டு முந்திச் சொன்னதில கனக்க, கிருமி தொத்தின காய்ச்சல். மிச்சத்தில பிரசவத்துக்குப் பிறகு வாற மனநோயும் இருக்கு. ரெண்டுக்கும் ஐஸ் காரணமில்லை. வயிறு பெருத்துத் தெரியிறது தசை தளர்ந்தபடியால், தண்ணியால இல்லை. பால் குடுக்கிறவளுக்குத் தண்ணியைக் குறைச்சால் மலம் இறுகும், முக்கேக்க தையல் இழுபடும், சலக்கடுப்பும் வரும். சிசேரியன் எண்டால் கால் நரம்பில இரத்தம் கட்டுற ஆபத்தும் கூடும். சாமானில 1 லீற்றர் பிளாஸ்க் ஒண்டையும் சேருங்கோ. பால் குடுக்க இருக்கிற நேரமெல்லாம் ஒரு கோப்பை.

வல்லைவெளி:
இடையில வாறன். 50 பாட்டுக்குக் காசு? பழைய வெள்ளை வேட்டியை மடிச்சு வைக்கிறதைச் சொல்லுங்கோவன். பருத்தி, மெத்தெண்டு இருக்கும், சலவைக்கும் நிக்கும்.

நொச்சியிலை:
நல்ல வெயிலில காஞ்சால் நான் எதிர்க்கேல்லை. மாரியில பிரச்சினை. பிள்ளைத்துணியோட அதையும் வீட்டுக்குள்ள உலர்த்தி, ஈரத்தோட கட்டினால் கிருமிக்கு வாசல் திறந்து விட்ட மாதிரி. கார்த்திகை, மார்கழிப் பேறெண்டால் முதல் 10 நாளுக்குப் பாட், பிறகு துணி. துணியை நீலச் சவர்க்காரத்தில தோய்ச்சு, இஸ்திரிக்கை போட்டு, மூடின பெட்டியில வையுங்கோ.

வல்லைவெளி:
அது நியாயம். அக்கா, ஒண்டு உங்களுக்கு. பால்சுறாவைப் பட்டியலில போடாமல் விட்டியளே, மறந்தியளோ?

கற்பகத்தரு:
மறக்கேல்லை. சுறா வறை இல்லாமல் பால் ஊறுமோ? சந்தையில சொல்லி வைச்சாத்தான் கிடைக்கும்.

நொச்சியிலை:
பால் ஊறுறது பிள்ளை உறிஞ்சிறதாலதான். எவ்வளவுக்குக் குடிக்குதோ அவ்வளவுக்குச் சுரக்கும். சுறா மற்ற மீனைத் தின்னுறதால அதின்ர உடம்பில பாதரசம் சேரும், அது தாய்ப்பாலிலயும் போகும். அதே சரக்கில சூடை, நெத்தலி மாதிரிச் சின்ன மீன் வையுங்கோ. முருங்கையிலையும் இருக்கு.

கற்பகத்தரு:
குட்டிச்சுறா எண்டால்?

நொச்சியிலை:
பெரிசிலும் பார்க்கக் குறைவு. எண்டாலும் சூடை இருக்கேக்க அதை ஏன் தேடுவான்?

கற்பகத்தரு:
சரி, சூடை. ஆனா இலைத்தண்ணி வார்க்கிறதில கை வைக்காதேங்கோ. பாவட்டை, நொச்சி, ஆடாதோடை, வேப்பிலை.

வல்லைவெளி:
சிசேரியன் காயத்துக்கு மேலயும் வார்க்கிறதோ?

நொச்சியிலை:
காயம் மூடுமட்டும் அவிச்ச தண்ணியை அதில ஊத்த வேண்டாம். தோல் வெந்தால் காயம் விடும். தோளுக்கும் முதுகுக்கும் வாருங்கோ, முழங்கையை விட்டுப் பாத்து, பொறுக்கிற சூட்டில. காயத்தை ஒத்தி உலர்த்த ஒரு சின்னத் துவாயைப் புறம்பா எடுத்து வையுங்கோ, தலை துவட்டிற துவாய் வேண்டாம். காயம் சிவந்தாலோ, சீழோ நீரோ வடிஞ்சாலோ, 38 பாகைக்கு மேல காய்ச்சல் அடிச்சாலோ குடும்பநல மாது வருமட்டும் காத்திராமல் போங்கோ. அதுக்கு ஒரு வெப்பமானியும் வேணும்.

கற்பகத்தரு:
வெப்பமானி ஒண்டு. எழுதியிட்டன். வேர்க்கொம்புக்குக் கீழ.