‘நைட்மேர் ஆலி’: பார்த்த பிறகும் உங்களை விடாத காட்சி எது? (அனுபவப் பகிர்வு)

ராயபுரம்வாசி

பார்த்தவர்களுக்காகவே எழுதுகிறேன், ஆகவே கதைச் சுருக்கம் இல்லை. 1947-இல் வந்த படத்தை கியர்மோ டெல் டோரோ 2021-இல் மறுஆக்கம் செய்தாரே, அதன் இறுதிக் காட்சி என்னை விடவில்லை. எல்லாவற்றையும் இழந்து கந்தலாக வந்து நிற்கும் நாயகன் ஸ்டான்டனை (பிராட்லி கூப்பர்), குடிகாரனுக்கு இங்கே வேலையில்லை என்று கேளிக்கைக் கூடார முதலாளி முதலில் அனுப்பிவிடப் பார்க்கிறார். பிறகு மனம் மாறி, குடிக்க ஊற்றிக் கொடுத்து, தற்காலிகமாக ஒரு வேலை இருக்கிறது என்கிறார். மணலித் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தக் கூலியாட்களை அனுப்பும் மேஸ்திரி ஒருவரிடம் நான் கணக்கு எழுதியிருக்கிறேன். கையில் காசில்லாமல் வருபவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, அவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர் கூலியைப் பற்றிப் பேச்செடுப்பார். அதன் பிறகு எவனும் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. பிராட்லி கூப்பரின் சிரிப்பு அழுகையாக மாறுவதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அந்த மதுக் கோப்பைதான் கண்ணிலேயே நிற்கிறது.

மின்ட் மேம்பாலம்

நண்பர் மன்னிக்க வேண்டும், இதை மறுஆக்கம் என்று சொல்வது சரியில்லை. டெல் டோரோவும் கிம் மோர்கனும் திரைக்கதை எழுதுவதற்கு வில்லியம் லிண்ட்சே கிரெஷாமின் 1946-ஆம் ஆண்டு நாவலிடம் திரும்பிப் போனார்கள். பழைய படத்தை மீண்டும் எடுக்கவில்லை என்பதே இயக்குநரின் நிலைப்பாடு. எட்மண்ட் கோல்டிங் இயக்கிய அந்தப் பழைய படத்தில், ஸ்டான்டனாக வரும் டைரோன் பவர் சீரழிந்து போன பிறகும் மனைவி மோலி அவரைக் கண்டுகொண்டு அணைத்துக்கொள்கிறாள். தயாரிப்பு நிறுவனத்துக்காக ஒட்டவைத்த ஆறுதல் அது. புதிய படத்தில் அந்த மழுப்பல் கிடையாது.

என் அனுபவம் சிறியது. கொருக்குப்பேட்டையில் கோழிக்கறிக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமாவுடன் உட்கார்ந்து பார்த்தேன். கூண்டுக்குள் இருக்கும் அந்த ‘கீக்’, அதாவது குடிக்காகக் காட்டுமனிதன் வேடிக்கை காட்டுபவன், உயிருள்ள கோழியின் கழுத்தைக் கடிக்கும் இடத்தில், தினமும் விடியற்காலையில் இருந்து கோழி வெட்டுகிற அந்த மனிதர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பழைய படம் அவனை நேரே காட்டாமல், கூட்டத்தின் முகங்களையும் சத்தத்தையும் வைத்தே காரியத்தை முடித்துக்கொண்டது. காட்டியிருக்கக் கூடாது என்பது மாமாவின் கட்சி. காட்டியதால்தான் கடைசியில் ஸ்டான்டனுக்குக் கிடைக்கும் அதே கீக் வேலையின் பொருள் உறைக்கிறது என்பது என் கட்சி.

தண்டையார்பேட்டைப் பெண்

எனக்கு உறுத்துவது பழைய படத்துக் காட்சிதான். மனத்தைப் படிப்பதாக வித்தை காட்டிய பீட், கண்ணாடிப் புட்டியை உற்றுப் பார்த்து, மலைச்சரிவில் ஓடும் ஒரு சிறுவனையும் கூடவே ஓடும் நாயையும் வர்ணிக்கிறார். ஸ்டான்டன் உருகிப் போய் நாயின் பெயரையே சொல்லிவிட, எந்தப் பையனுக்குத்தான் நாய் இல்லை என்று பீட் சிரிக்கிறார். அப்பா இறந்த பிறகு அம்மா ஒரு குறி சொல்பவரிடம் போய்க்கொண்டிருந்தார். அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மாவே முந்திக்கொண்டு எடுத்துக் கொடுப்பார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். பீட் சிரித்தபோது எனக்கு அந்தக் குறிகாரர்மீது கோபம் வரவில்லை, அம்மாமீதுதான் வந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

வியாசர்பாடி இரவுப்பணி

நான் இரவுப்பணி முடித்து வந்து பாதியில் தூங்கிவிட்டு, மறுநாள் மீதியைப் பார்த்தேன். கேட் பிளான்செட்டின் அலுவலகச் சுவர்களின் மரவேலைப்பாடு மட்டும் நினைவில் இருக்கிறது. ஆனால் இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். முதலில் 1947-ஐப் பாருங்கள், பிறகு 2021-ஐப் பாருங்கள்; வரிசை மாறினால் பழையது சப்பென்று தோன்றும். புதிய படத்துக்குக் கறுப்பு வெள்ளை வடிவமும் உண்டு, 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள். கிடைத்தால் அதையே பாருங்கள். தொலைக்காட்சியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையேல் எந்தப் படமும் மெகா சீரியல் போலவே தெரியும். குழல்விளக்கை எரியவிட்டு ‘நுவார்’ எனப்படும் இந்த இருண்ட குற்றப் படங்களைப் பார்க்காதீர்கள், நிழலில் இருப்பது எதுவுமே தெரியாது. இரண்டரை மணி நேரம் ஓடும், ஆகவே சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். கோழி சாப்பிட வேண்டாம். நம் மொழியிலேயே இந்த வகை வேண்டுமென்றால் எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954) இருக்கிறது. சிவாஜி, பண்டரிபாய், ஒரு பாட்டுகூடக் கிடையாது, குண்டு வீச்சுக்கு அஞ்சிய 1943-ஆம் ஆண்டுச் சென்னை; அதைப் பார்க்காமல் அமெரிக்கப் படத்துக்கு உருகுவதை என்னால் ஏற்க முடியாது.

தண்டையார்பேட்டைப் பெண்

அறிவுரைக்கு நன்றி அண்ணா, நாங்கள் யாரும் கேட்கவில்லை. மின்ட் மேம்பாலம் சொன்ன அந்த ‘ஆறுதல்’ முடிவுக்கு மட்டும் ஒரு பதில். பழைய படத்தின் தொடக்கத்தில் ஜீனா எப்படி இருக்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள்: பெரிய மேடைகளில் நின்ற கணவன் பீட் குடியில் விழுந்து கிடக்கிறான், அவனைக் கழுவி, தூக்கி நிறுத்தி, அவனுக்கும் சேர்த்து இவளே உழைக்கிறாள். கடைசியில் மோலிக்குக் கிடைப்பதும் அதே பிழைப்புதான். தயாரிப்பு நிறுவனம் எதை நினைத்து ஒட்டவைத்ததோ, ஸ்டான்டன் பிழைத்தான் என்று ஆண்கள் நிம்மதியாக எழுந்து போகலாம். எங்கள் தெருவில் மாலையானால் கணவனைத் தேடிக் கடை வாசலுக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டால் இரண்டில் எது கொடிய முடிவு என்று சொல்வார்கள்.