விளையாட்டுச் சாமான் வந்துவிட்டது, விளையாட இடம்தான் இல்லை. பஞ்சாயத்தை எப்படி வேலையில் இறக்குவது?

தோப்புக்காரன் (பொள்ளாச்சி மேற்கு):

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பொள்ளாச்சிக்கு மேற்கே, கோபாலபுரம் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால். 2024-ல் எல்லா ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள் இல்லையா, எங்களுக்கும் வந்தது. ஆறு மாதம் நன்றாக விளையாடினோம். அப்புறம் பந்து கிழிந்தது, வலையை எலி கடித்தது, மிச்சம் பஞ்சாயத்து ஆபீசில் பூட்டிக் கிடக்கிறது. சாவி கிளர்க்கிடம். அவர் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார், நாங்கள் வேலை முடிந்து ஊர் வந்து சேர்வதே ஆறு மணிக்கு.

இதைவிடப் பெரிய பிரச்சினை இடம். இத்தனை நாள் ஒருவருடைய காலிக் காட்டில் விளையாடிக்கொண்டிருந்தோம், போன வருடம் அதில் தென்னங்கன்று வைத்துவிட்டார். அவர் நிலம், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லை தாண்டி ஐந்து கிலோமீட்டரில் என் அத்தை ஊர், கேரளாப் பக்கம், அங்கேயும் தமிழ் பேசுகிற சனம்தான். சாயங்காலம் லைட் போட்டு வாலிபால் நடக்கிறது, பெண் பிள்ளைகள்கூட வந்து பழகுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. கிராம சபையில் ஒரு தடவை எழுந்து கேட்டேன், "பார்க்கலாம்" என்றார்கள், அவ்வளவுதான். பணம் கேட்பதா, இடம் கேட்பதா, யாரிடம் போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஃபைல்:

தம்பி, நான் யூனியன் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். "கிரவுண்டு வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால் எந்தத் தலைவரும் பார்க்கலாம் என்றுதான் சொல்லுவார், எந்த இடத்தைக் கொடுப்பது என்று அவருக்கே தெரியாது. சர்வே நம்பரோடு போ. விஏஓவிடம் அ-பதிவேட்டைப் பார், எந்த நம்பர் புறம்போக்கு, என்ன வகைப் புறம்போக்கு என்று அதில் இருக்கும். குளம், ஓடை, வாய்க்கால் என்று நீர்நிலையாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதே, காய்ந்து கிடந்தாலும் கோர்ட் விடாது, விடவும் கூடாது.

அடுத்தது ரிசர்வ் சைட், அதாவது மனை பிரிக்கும்போது பொது உபயோகத்துக்கு என்று ஒதுக்குகிற இடம். உங்கள் பக்கம் தோப்பை அழித்து எத்தனை லேஅவுட் போட்டிருக்கிறார்கள்! 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், ரோடு போக மீதியில் பத்து சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பல ஊரில் அந்த இடம் முள் மண்டிக் கிடக்கும், பக்கத்து வீட்டுக்காரர் வேலியை ஒவ்வொரு அடியாக நகர்த்திக்கொண்டிருப்பார், கேட்க ஆள் இருக்காது. லேஅவுட் வரைபடத்தை வாங்கிப் பார்.

ஏக்கர் கணக்கில் தேடவும் வேண்டாம். வாலிபால் கோர்ட் 18-க்கு 9 மீட்டர், சுற்றி மூன்று மீட்டர் விட்டால் 24-க்கு 15, ஒன்பது சென்ட்டுக்குள் அடங்கிவிடும். கபடிக்கு 13-க்கு 10 மீட்டர்தான்.

இன்னொன்று. அரசியல் சட்டத்தில் நகராட்சிகளுக்கான 12-ஆம் அட்டவணையில் விளையாட்டுத் திடல் என்று தெளிவாக இருக்கிறது, பஞ்சாயத்துகளுக்கான 11-ஆம் அட்டவணையில் 29 இனம் இருந்தும் விளையாட்டு என்று தனியாக ஒரு வரி இல்லை. கிராமத்தில் இது கடைசிக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் வழி இல்லாமல் இல்லை, நூறு நாள் வேலையில் விளையாட்டு மைதானம் அனுமதித்த வேலையாக இருந்தது, நாங்களே அப்படி மேடு பள்ளம் சமப்படுத்தியிருக்கிறோம். கிராம சபையில் வாயால் சொல்லாதே. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளில் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே எழுதிக் கொடு, தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை அங்கேயே நில்.

எல்லைக்கு அப்பால்:

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அத்தை ஊர் மாதிரிதான் எங்கள் ஊரும், அதனால் எழுதுகிறேன். இங்கே கிராம சபை வார்டு வார்டாக நடக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும் என்று சட்டம். மெம்பர் முகத்துக்கு நேராகக் கேட்கலாம், ஊர் முழுவதும் ஒரே கூட்டமாக இருந்தால் இளவட்டம் பேச்சு எடுபடாது. 1996-ல் ஜனகீயாசூத்திரணம், அதாவது மக்களே திட்டம் போடுகிற முறை, வந்தபோது மாநிலத் திட்டப் பணத்தில் 35-லிருந்து 40 சதவீதம் வரை உள்ளாட்சிக்கு என்று முடிவானது, அதிலிருந்தே கீழிருந்து கேட்கிற பழக்கம் ஊறிவிட்டது. ஒரு பஞ்சாயத்துக்கு ஒரு கிரவுண்டு என்று இப்போது திட்டமே இருக்கிறது, பாதிப் பணம் விளையாட்டுத் துறை தரும், மீதியை எம்எல்ஏ நிதி, பஞ்சாயத்துப் பணம் என்று சேர்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடக் கேரளோற்சவம்தான் முக்கியம். வருடா வருடம் பஞ்சாயத்து அளவில் போட்டி வைத்து, ஜெயித்தவர்களை பிளாக், ஜில்லா என்று அனுப்புவார்கள். தேதி நெருங்கினால் கிளப் பையன்களே மம்பட்டி எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் இங்கே எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கிரவுண்டில் ஒரு வருடம் முழுக்க ரோடு வேலைக்கு ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள், நாங்கள் பத்துப் பேர் நாலு தடவை ஆபீஸ் ஏறி இறங்கித்தான் எடுத்தார்கள்.

வாய்க்கால்மேடு அக்கா:

எல்லாரும் வாலிபால், கபடி என்றே பேசுகிறீர்கள், பையன்களுக்கு மட்டும்தான் உடம்பு இருக்கிறதா? நான் கிராம சுகாதார செவிலியர். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வருகிற அம்மாக்களிடம் நடங்கள் என்று சொல்கிறோம், "எங்கே நடக்க கண்ணு?" என்று கேட்கிறார்கள். 2023 நவம்பரில் நடப்போம் நலம் பெறுவோம் என்று மாவட்டத்துக்கு எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஆரம்பித்தார்கள், நல்ல காரியம், ஆனால் நடப்பதற்காக எங்கள் ஊர் அம்மா கோயம்புத்தூர் வரைக்கும் பஸ் ஏறிப் போக முடியாது. நாங்கள் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் கரையில் நடக்கிறோம். விடியும் முன்னால் இருட்டு, நாய்த் தொல்லை வேறு. நான்கு லைட் கேட்டு மகளிர் குழு லெட்டர்பேடில் எழுதி, எழுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். இரண்டு லைட் வந்தது. அதற்கே காலையில் வருகிற பெண்கள் இரண்டு மடங்கு ஆகிவிட்டார்கள். உங்கள் மனுவில் பெண்கள் பெயரையும் சேருங்கள், கூடவே ஒரு கக்கூஸும் கேளுங்கள், அது இல்லாமல் வயசுப் பிள்ளைகளை எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள்.

தோப்புக்காரன்:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. நேற்று விஏஓ ஆபீஸ் போய் வந்தேன். கோவிலுக்குப் பின்னால் இருக்கிற லேஅவுட்டில் முப்பது சென்ட் பஞ்சாயத்துப் பெயரில் இருக்கிறது, இத்தனை வருடம் அதை லேஅவுட் போட்டவர் இடம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அக்கா சொன்னதை வீட்டில் சொன்னேன், மனுவை என் தங்கச்சியே எழுதுகிறாள், கக்கூஸும் லைட்டும் முதல் வரியில் வந்துவிட்டது. சாமான் அறைச் சாவி ஒன்றை இளைஞர் மன்றத்திடம் கொடுக்கச் சொல்லியும் கேட்கப் போகிறோம். தானப் பத்திரத்தின் நகலை எங்கே வாங்குவது, யூனியன் ஆபீசிலா, பத்திர ஆபீசிலா?

பழைய ஃபைல்:

பத்திர ஆபீஸ். சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டால் பத்திர எண் கிடைக்கும், அதை வைத்து நகலுக்கு மனு கொடு. நாலு மூலையிலும் கல் நட்டிருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பார், இல்லையென்றால் சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லித் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்.