கன்னியாகுமரி மாவட்டத்தில் தன்னார்வப் பணிகளுக்கு மானியம் வழங்கும் குழுவில் இருந்தவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

தோவாளை வட்டத்து உறுப்பினர்:

எங்கள் அறக்கட்டளையின் மானியக் குழுவில் நானும் ஊதியமின்றி அமர்ந்திருக்கிறேன். ஒரு தலைப்பில் ஒதுக்கிய தொகையை வேறொரு தலைப்பில் செலவிடக் கூடாது என்ற விதி இங்குள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

குளத்தில் மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரையை அகற்ற முன்வந்த ஓர் இளைஞர் குழுவுக்கு, ஹிட்டாச்சி என்கிற மண் அள்ளும் இயந்திரத்தின் வாடகைக்கு 18,000 ரூபாயும் உணவுக்கு 12,000 ரூபாயும் கொடுத்தோம். வேலை நன்றாகவே முடிந்தது. ஆனால் அவர்கள் கொண்டுவந்த கணக்கில் முழு 30,000 ரூபாயும் ஹிட்டாச்சிக்கே போயிருந்தது. சாப்பாட்டுச் சீட்டு எங்கே என்று பொருளாளர் கேட்டார். குழுத் தலைவர் கொத்தனார் வேலை செய்பவர். "சாப்பாட்டை யாரும் விலைக்கு வாங்கவில்லை சார். வீட்டுக்கு வீடு அரிசி வந்தது, கரையிலேயே கஞ்சி வைத்தோம், பயறு அக்காமார் கொண்டுவந்தார்கள். மிச்சப் பணத்தில் மறுகரையையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டோம்" என்றார்.

முன் அனுமதியின்றித் தலைப்பு மாற்றியதால் 12,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தார்கள். நான் எதிர்த்து வாக்களித்தேன். அடுத்த கூட்டத்தில் அவர் ஐம்பதும் நூறுமாக நோட்டுகளை மேசையில் எண்ணி வைத்தார். கூடவே கோடு போட்ட தாள் ஒன்றும் இருந்தது. எந்த வீட்டிலிருந்து எவ்வளவு என்று அதில் எழுதியிருந்தார்கள். கஞ்சிக்கு அரிசி கொடுத்த அதே வீடுகள். பொருளாளர் தாளைத் திருப்பிக் கூடப் பார்க்காமல் ரசீது எழுதினார்.

குழித்துறையிலிருந்து:

மேலே எழுதியவர் பொருளாளரைக் குறை சொல்லும் தொனி எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுப் பெற்றிருக்கக்கூடிய அனுமதியைக் கேட்காமல் விட்டது அந்தக் குழுதான். அடுத்த விண்ணப்பதாரர் இதையே முன்னுதாரணமாகக் காட்டி, உணவுப் பணத்தில் சீருடைச் சட்டை தைத்துக்கொண்டு வந்து நின்றால் என்ன பதில் சொல்வீர்கள்?

என்னை உறுத்துவது வேறு. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வீடுகளில் சேறு அள்ளிய தன்னார்வலர்களுக்குத் தேநீர், சிற்றுண்டி வாங்கியதாக ஒரே கடையின் இரண்டு சீட்டுகள் வந்தன. இரண்டுக்கும் இடையே மூன்று வார இடைவெளி. எண்களோ 47, 48. அடுத்தடுத்த எண்களைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று தணிக்கை பார்க்கும் எவரும் சொல்வார். இரண்டையும் அருகருகே வைத்து, அவற்றைக் கொண்டுவந்த தன்னார்வலர் அண்ணனிடம் காட்டினேன். அவர் கோபப்படவே இல்லை. "சீட்டுக் கேட்பவர் நான் ஒருவன்தான். வேறு யாருக்காகக் கடைக்காரர் அந்தச் சீட்டுப் புத்தகத்தைத் திறக்கப் போகிறார்?" என்றார்.

குழு முடிவின்படி கடைக்குப் போனேன். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் தேநீர்க் கடை ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு எந்தக் கணக்கும் கிடைக்காது. கடைக்காரர் முறுக்கு டப்பாவுக்குப் பின்னாலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்து, மேல் அட்டையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுத் திறந்தார். 49 வெறுமையாக இருந்தது. நான் போனது மார்ச் மாதம். அண்ணன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்; இரண்டையும் ஒரே நாளில் எழுதி வாங்கியதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அந்தப் புத்தகம் ஒரே மாதிரிதான் சாட்சி சொல்லும். தொகையை ஏற்றுக்கொண்டோம். இன்று வரை அந்த அண்ணனைச் சந்தையில் பார்த்தால் அந்த இரண்டு எண்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

தூத்தூர்ப் பகுதி உறுப்பினர்:

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் கடற்கரைக்கு என்ன செய்தது என்று இந்த மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீரோடி முதல் இரயுமன்துறை வரை ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் திரும்பி வராத வீடுகளில், துயரத்தோடு காகிதமும் சேர்ந்து வந்தது. காணாமல் போனவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லையென்றால்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. அதற்கு விலக்குப் பெறுவதற்கும், வாரிசுச் சான்றுக்கும், வங்கிக்கும், படகு உரிமையாளரின் கடிதத்துக்கும் பெண்கள் அலைந்தார்கள். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கவும் கூடவே அலுவலகங்களுக்குப் போகவும் எங்கள் தேவாலயப் பங்கிலேயே ஓர் அக்கா சில பெண்களைச் சேர்த்திருந்தார். பேருந்துக் கட்டணத்துக்கும் நகல் எடுக்கும் செலவுக்கும் எங்கள் குழுவிடம் விண்ணப்பித்தார்.

அவர் என் அன்பியத்தை, அதாவது பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுவை, சேர்ந்தவர், என் சித்திக்குச் சம்பந்தி முறை. நேர்காணல் தொடங்கும்போது விதிப்படி நான் எழுந்து வெளியே போக வேண்டும். அவர் உள்ளே நுழைந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டிருந்தேன். மரியாதைக்கு எழுகிறேன் என்று நினைத்து "இருங்க தம்பி" என்றார். நான் உட்காராமல், கோப்பை மூடிவிட்டு, அவர் பக்கத்திலேயே நடந்து வெளியேறினேன். அவர் கையில் பயனாளிகள் பட்டியல் இருந்தது. சில வரிகளில் ஆளின் பெயருக்கு நேரே படகின் பெயர் மட்டும் எழுதியிருந்ததைக் கடந்து போகையில் பார்த்தேன்.

மானியம் கிடைத்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் பேச வரும்போது எழுந்து போவதற்கு ஒரே பொருள்தான் உண்டு. நான் எதிர்ப்பாக இருந்தேன் என்றும், மற்றவர்கள் நல்லவர்கள் என்பதால் பணம் வந்தது என்றும் ஊரில் பேச்சு. கூட்ட நடவடிக்கைகளை வெளியே சொல்லக் கூடாது என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டிருப்பதால் வாயைத் திறக்கவும் முடியவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:

என் அனுபவம் சிறியது. ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வலர்களுக்காக, வெளிநாட்டில் குடியுரிமை பெற்றுவிட்ட ஒருவர் எங்கள் கூட்டத்துக்கே வந்து, உறையில் பணத்தை வைத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. "சொந்த ஊருக்குக் கொடுக்கவும் எனக்கு அனுமதி வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு உறையைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

இனி, யாரும் கேட்கவில்லை என்றாலும் சில செய்திகளைச் சொல்கிறேன், ஏனெனில் நம் மாவட்டத்துக் குழுக்கள் பலவும் வளைகுடாப் பணத்தில் நடப்பவை. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் உழைத்துச் சேமித்ததை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே மனிதர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், அவரது கையில் வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை இருந்தாலும், அவர் தரும் நூறு ரூபாயும் வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மானியமாகக் கைமாற்றவே முடியாது. அதாவது நம்மைப் போன்ற குழுக்கள் செய்யும் வேலைக்கு அந்தப் பணம் பயன்படவே படாது. ஆகவே நன்கொடையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது அவர் எந்த ஊர்க்காரர் என்பதல்ல, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பது. நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி) கேட்பவர்களிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தோவாளைக்காரருக்கு: கஞ்சிக்கு வந்த அரிசியையும் ஆட்களின் உழைப்பையும் பொருளாக வந்த பங்களிப்பு என்று தனிப் பதிவேட்டில் ஏற்றுவது நல்ல பழக்கம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் என்று கணக்கு வைக்கிறார்களே, அதைப் போல ஒவ்வொரு தன்னார்வலருக்கும் மணிக்கணக்கு எழுதச் சொல்லுங்கள். குழித்துறைக்காரருக்கு: சிறு கடைச் சீட்டுகளை நம்பியிருக்காமல், ஒரு வரம்புக்குக் கீழே உள்ள செலவுகளுக்குத் தன்னார்வலர் இருவர் கையெழுத்திட்ட செலவுச் சான்றையே ஏற்றுக்கொள்ளலாம். தூத்தூர் நண்பருக்கு: உறவு இருப்பதை விண்ணப்பம் வந்த அன்றே எழுத்தில் தெரிவித்து, நேர்காணல் நாளில் அறைக்கே வராமல் இருந்திருந்தால் இந்தச் சங்கடம் இருந்திருக்காது.

குழித்துறையிலிருந்து:

இருவர் கையெழுத்திட்ட சான்று என்கிறீர்கள். எங்கள் பகுதியில் அந்த இருவரும் அண்ணன் தம்பியாக இருப்பார்கள். கடைக்காரராவது மூன்றாவது ஆள்.

கல்குளம் வட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை:

கணக்குச் சண்டையை நிறுத்திவிட்டு ஒன்றைக் கேளுங்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று புண் துடைத்து, கட்டு மாற்றி, அருகில் உட்கார்ந்து பேசிவிட்டு வரும் பெண்கள் குழு ஒன்று, பஞ்சு, துணிக்கட்டு, கையுறை, ஆட்டோ வாடகை இவற்றுக்கு மட்டும் கேட்டிருந்தது. எங்கள் குழுவில் அந்த ஆண்டு பணம் மீந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் மாதம் 1,500 ரூபாய் மதிப்பூதியம் சேர்த்துத் தருகிறோம் என்று தலைவர் சொன்னபோது, நாங்கள் எல்லோரும் மகிழ்ச்சியோடு தலையசைத்தோம். வந்திருந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மேசைமீது குழல்விளக்கு வெளிச்சத்தில் விரித்து வைத்திருந்த விண்ணப்பத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் மக்களே. பணம் வந்தால் யார் எத்தனை வீட்டுக்குப் போனாள் என்று கேள்வி வரும். இப்போது செல்லம்மாக் கிழவி வீட்டில் ஒருத்தி முழு நாளும் இருந்துவிட்டு வருகிறாள், யாரும் கேட்பதில்லை" என்றார். பிறகு கையுறைப் பெட்டியின் எண்ணிக்கையை மட்டும் திருத்தி, கூட்டிக் கேட்டார். மதிப்பூதியம் இல்லாவிட்டால் வறுமையில் உள்ள பெண்கள் இந்தப் பணிக்கு வரவே முடியாது என்று எங்களில் ஒருவர் வாதிட்டார். அந்த வாதமும் தவறில்லை. நம் கடற்கரையிலும் தோட்டப் பகுதியிலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்குத் தன்னார்வம் என்பது நமக்குப் போல இலவசமல்ல. அந்த அம்மாவின் குழுவில் இருந்தவர்கள் ஓய்வூதியம் வாங்கும் வீட்டுப் பெண்களா, கூலிக்குப் போகும் பெண்களா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை என்பது கூட்டம் முடிந்து பேருந்தில் வரும்போதுதான் தோன்றியது. அடுத்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தில் மதிப்பூதியம் வேண்டுமா, வேண்டாமா, வேண்டுமென்றால் யாருக்கு என்று மூன்று கட்டங்கள் சேர்த்தோம். அவர் நடுக்கட்டத்தில் குறியிட்டு அனுப்பியிருந்தார்.

தூத்தூர்ப் பகுதி உறுப்பினர்:

மார்த்தாண்டத்து நண்பருக்கு: உறவை எழுத்தில் முன்பே தெரிவித்திருந்தேன், அது கோப்பில் இருக்கிறது, அந்த அக்காவுக்குத் தெரியாது, அதுதான் சிக்கலே. அன்று என் முறைக்கு முன்னும் பின்னும் வேறு விண்ணப்பங்கள் இருந்ததால் அறைக்கு வராமல் இருக்கவும் வழியில்லை. எனக்குத் தோன்றுவது வேறு: இன்ன உறுப்பினர் உறவினர் என்பதால் விதிப்படி இந்த விண்ணப்பத்தில் கலந்துகொள்ள மாட்டார் என்று நேர்காணலுக்கு அழைக்கும் கடிதத்திலேயே விண்ணப்பதாரருக்கு ஒரு வரி எழுதிவிட வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதை முன்மொழியப் போகிறேன். உங்கள் குழு எதிலாவது அப்படிப்பட்ட கடிதம் வழக்கத்தில் இருந்தால், அதன் வாசகத்தை இங்கே பதிவிடுங்கள். உறவு என்று எழுதினால் போதுமா, முறையையும் குறிப்பிட வேண்டுமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். எங்கள் பக்கத்தில் முறை சொல்லத் தொடங்கினால் குழுவில் பாதிப் பேர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.