மின்விசிறியின் நிழல் விழாதபடி கூரை விளக்குகளை எங்கே பதிப்பது?

அனைவருக்கும் வணக்கம். 14 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட படுக்கையறையைப் புதுப்பித்து வருகிறோம். ஃபால்ஸ் சீலிங் பலகைகளை அடைப்பதற்குள் விளக்குகளின் இடத்தை முடிவு செய்தாக வேண்டும்.

1200 மி.மீ. மின்விசிறி அறையின் நடுவில், கான்கிரீட் தளத்தில் பதித்த கொக்கியிலேயே தொங்கும். ஃபால்ஸ் சீலிங் அதன் எடையையும் அதிர்வையும் தாங்காது என்பதால் அதில் மாற்றமில்லை. விசிறியின் மையத்திலிருந்து 2 அடி தூரத்தில் நான்கு டவுன்லைட்டுகளைப் பதிக்கலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். ஆனால் இறக்கையின் நுனியும் ஏறக்குறைய அதே தூரத்தில்தான் சுழல்கிறது. சோதனைக்காக அங்கே ஒரு விளக்கைக் கட்டி எரியவிட்டு விசிறியைச் சுழலவிட்டபோது, கையிலிருந்த புத்தகத்தின் பக்கம் முழுவதும் நிழல் படபடவென்று துடித்தது. இரண்டு நிமிடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை.

ஆகவே நான்கையும் மூலைப் பக்கமாக, சுவர்களிலிருந்து 2 அடி தள்ளிப் பதிக்க நினைக்கிறேன். அப்படிச் செய்தால் கட்டிலின் நடுப்பகுதி மங்கலாகிவிடுமா? ஆறு விளக்குகள் தேவைப்படுமா, அல்லது தலைமாட்டுச் சுவரில் இரண்டு விளக்குகளைத் தனி சுவிட்சுடன் சேர்த்தால் போதுமா? ஒளி 60 பாகைக்கு விரியும் விளக்குகளைப் பயன்படுத்தியவர்கள், இறக்கையின் நிழல் தரையில் தெரிகிறதா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.