டிஸ்ஃபெர்லின் லேசர் காயச் சோதனை: சாதாரண நாரிலும் சாயம் ஏறிக்கொண்டே போகிறது

நார்க்கற்றை கேட்டது:
தசை நாரின் சவ்வு கிழிந்தால் மூட உதவும் டிஸ்ஃபெர்லின் புரதம் இல்லாத ஏ/ஜே சுண்டெலியின் பாதத் தசை நார்களில் லேசர் காயச் சோதனை செய்கிறோம். லேசரால் சவ்வைக் கிழித்து, அது மூடுகிறதா என்று பார்க்கிறோம். காயத்தின் வழியே நுழைந்து ஒளிரும் எஃப்எம் 1-43 சாயம் 2.5 மைக்ரோமோலார், பாஸ்பேட் பஃபரில் கால்சியம் 1.5 மில்லிமோலார். ஒப்பீட்டுக்கு வைத்த, டிஸ்ஃபெர்லின் உள்ள சி57பிஎல்/6 சுண்டெலியின் நாரிலும் ஐந்து நிமிடமும் ஒளிர்வு ஏறுகிறது. ஓரிரு நிமிடத்தில் அடங்க வேண்டாமா? நார்களைப் பிரித்ததும் ஈடிடிஏ கரைசலில் கழுவுகிறோம். செல்கள் கெடாமலிருக்க டைதயோதிரெய்டால் கொஞ்சம் சேர்க்கிறோம்.

சவ்வுக்காரர்:
உங்கள் கடைசி இரண்டு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. சவ்வு கிழிந்ததும் வெளியிலுள்ள கால்சியம் உள்ளே பாய்கிறது. நாருக்குள் இருப்பதைவிட வெளியே பல ஆயிரம் மடங்கு அதிகம். அந்தப் பாய்ச்சல்தான் டிஸ்ஃபெர்லினுக்கு அழைப்பு. அதன் சி2 பகுதிகள் கால்சியத்தைப் பிடித்து, நுண்பைகள் காயத்தில் ஒன்றிணைந்து ஒட்டுப்போட உதவுகின்றன. மிச்சமிருக்கும் ஈடிடிஏ அந்தக் கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கழுவலை விட்டுவிடுங்கள்.

டைதயோதிரெய்டாலும் வேண்டாம். எம்ஜி53 என்ற இன்னொரு பழுதுபார்ப்புப் புரதம் ஆக்சிஜனேற்றத்தை உணர்ந்துதான் கொத்தாகச் சேர்கிறது. டைதயோதிரெய்டால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஒடுக்கி. அதைச் சேர்த்தால் எம்ஜி53 செயல்படாது.

பாஸ்பேட் பஃபரில் கால்சியம் ஊற்றிய குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் கால்சியம் பாஸ்பேட்டாகப் படிந்துவிட்டது. ஹெப்பெஸ் பஃபர் போட்ட டைரோட் உப்புக் கரைசலுக்கு மாறுங்கள்.

நேராக நீண்டு, குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரியும் நாரை மட்டும் எடுங்கள். உருண்டு சுருங்கிய நார் ஏற்கெனவே கிழிந்தது. லேசரைக் குறைந்த சக்தியில் தொடங்கி, காயப்புள்ளியில் சாயம் நுழையத் தொடங்கும் அளவுக்கு மட்டும் ஏற்றி, எல்லா நாருக்கும் அதையே வையுங்கள். அதற்கு மேல் போனால் நல்ல நாராலும் மூட முடியாது. நன்றாக மூடும்போது அந்த ஒளிப்பொட்டு சிறிதாகவே நிற்கும். மூடாவிட்டால் அது நாரின் உட்புறம் குடைபோல விரியும்.

எலியியல்:
ஒப்பீட்டு எலியும் முக்கியம். ஏ/ஜேயில் டிஸ்ஃபெர்லின் மரபணுவின் நான்காம் இன்ட்ரானில் (புரதமாக மாறாத இடைத்துண்டில்) ஒரு ரெட்ரோட்ரான்ஸ்போசான், அதாவது இடம்மாறும் டிஎன்ஏ துண்டு, புகுந்திருக்கிறது. அதற்கு, டிஸ்ஃபெர்லின் கெடாத நெருங்கிய உறவான ஏ/ஹெச்இஜே சரியான இணை. சி57பிஎல்/6தான் வேண்டுமென்றால் மறுபக்கம் அதே எலியில் ஏ/ஜேயின் மரபணுக் கோளாறைக் கொண்டுவந்த பிஎல்ஏ/ஜே வையுங்கள். வயதும் ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் கால்சியம் இல்லாமல், கால்சியத்தைக் கவ்வும் ஈஜிடிஏ மட்டும் சேர்த்த ஒரு தட்டையும் ஓட்டுங்கள். அதில் நல்ல நாரும் மூடாமல் போக வேண்டும். மூடினால் உங்கள் அளவீட்டில்தான் கோளாறு. ஒளிர்வின் உயரத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள், வளைகோடு எப்போது சமன் ஆகிறது என்று பாருங்கள்.

மருத்துவப்பக்கம்:
இங்கே கவலையுள்ள விஷயம் ஒன்று. டிஸ்ஃபெர்லின் இல்லாத நாரில் சவ்வு மூடாத குறை 2003இல் இந்தச் சோதனையால் தெரிந்தது என்பதால், அந்தக் குறையைச் சரிசெய்தால் நோய் நிற்கும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. 2012இல் வந்த எலி ஆய்வில் குட்டி டிஸ்ஃபெர்லின் (சுருக்கிய வடிவம்) காயத்தை மூடியது, தசைச் சிதைவு மட்டும் நிற்கவில்லை. உங்கள் வளைகோடு சீக்கிரம் சமன் ஆனாலும் ‘நோய் தீர்ந்தது’ என்று எழுதாதீர்கள்.

நோயாளிகளிடம் இதன் விளைவு கடுமை. டிஸ்ஃபெர்லின் குறைபாட்டு நோயின் மியோஷி வகையில் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ கெண்டைக்கால் தளரும், நுனிக்காலில் நிற்க முடியாது. தசை சிதையும்போது இரத்தத்தில் கசியும் சிகே நொதி பல்லாயிரம்வரை ஏறும். பயாப்சியில் அழற்சிச் செல்கள் தெரிவதால் பாலிமயோசைட்டிஸ் (தசை அழற்சி நோய்) என்று ஸ்டீராய்டு தொடங்கிவிடுகிறார்கள். 2013இல் வெளியான டெஃப்லாசகார்ட் என்ற ஸ்டீராய்டின் சோதனையில் பலன் இல்லை. மருந்து எடுத்த காலத்தில் தசை வலு குறையும் போக்குதான் தெரிந்தது.

நார்க்கற்றை:
நன்றி. ஆளிடம் பயாப்சி இல்லாமல் புரதத்தைப் பார்க்க வழி உண்டா?

மருத்துவப்பக்கம்:
உண்டு. இரத்தத்தின் மோனோசைட்டுகளில் (ஒருவகை வெள்ளணுக்களில்) டிஸ்ஃபெர்லின் இருக்கிறது. வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, ஒரு தாளுக்கு மாற்றி, பட்டையாகக் காணும் முறை) போதும். புரதம் ஏறக்குறைய 230 கிலோடால்டன், அதனால் ஜெல்லிலிருந்து தாளுக்கு மெதுவாக, இரவு முழுக்க மாற்றுங்கள். அவசரப்பட்டால் பட்டை காணாமல் போய், இல்லாத குறைபாடு இருப்பதாகத் தோன்றும். பட்டை மங்கலாக வந்தால் மரபணு சோதனைக்குப் போங்கள். கால்பெயின்-3 என்ற வேறொரு தசைப் புரதத்தின் குறைபாட்டிலும் டிஸ்ஃபெர்லின் குறையலாம்.